143-ஆம் பக்கத்துக்கு ஒரு வழி



இது கொஞ்சம் நீளமான பதிவு. மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் இழுக்கிறவன் நான் என்பது என்னிடம் படித்தவர்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஒரு காபியை எடுத்து வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

பொங்கலன்று நம் குடும்பக் குழுவில் ஒரு பி.டி.எஃப். அனுப்பியிருந்தேன் அல்லவா? 212 பக்கம். தாத்தா கொழும்பிலிருந்து எழுதிய கடிதங்கள், கிரயப் பத்திரங்கள், கல்யாணப் பத்திரிகைகள், பழைய புகைப்படங்கள், எனக்குத் தெரிந்தவரை வம்சாவளி என்று இரண்டு வருஷம் உட்கார்ந்து சேர்த்தது. அனுப்பிய ஒரு மணி நேரத்தில் வரிசையாகக் கும்பிடு போட்ட கைகள் வந்தன. "அருமை மாமா", "பொக்கிஷம் பெரியப்பா" என்றெல்லாம் எழுதினீர்கள். ஒருவராவது பத்தாம் பக்கத்தைத் தாண்டினீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை. வீட்டுப்பாடம் செய்யாத முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உண்மையில் வாசிக்க முயன்றவர் ஒருவர்தான். அம்பாசமுத்திரத்துச் சித்தி. வயது 86. மூன்றாம் நாள் போன் செய்தார்.

"ஏய்யா, அப்பா எழுதின காயிதத்துல என் பேரு வருதுன்னு சொன்னியே, அது எங்கய்யா கெடக்கு?"

"143-ஆம் பக்கம் சித்தி."

"தள்ளித் தள்ளி வெரலு நோவுது. அறுவது வரைக்கும் வந்தேன். யாரோ போன் பண்ணிட்டாவ. திரும்பிப் பாத்தா முதப் பக்கத்துல வந்து நிக்கி."

எனக்குச் சுருக்கென்றது. பாடப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் பொருளடக்கம் எதற்கு என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். இந்தப் புத்தகத்திலும் மூன்றாம் பக்கத்தில் பொருளடக்கம் போட்டிருந்தேன். ஆனால் காகிதத்தில் 143 என்று பார்த்தால் விரலை நுழைத்துச் சட்டென்று பிரிக்கலாம். செல்போனில் 143 என்பது வெறும் எண். 142 முறை தள்ள வேண்டும். தேடிப் பார்க்கவும் வழியில்லை. கடிதங்கள் படமாக எடுத்து ஒட்டியவை. படத்துக்குள் இருக்கும் எழுத்தைப் போன் எழுத்தாகவே எண்ணுவதில்லை.

பெயரைத் தொட்டால் அந்தப் பக்கம் திறக்கவேண்டும். அவ்வளவுதான் தேவை. அதைக் கற்றுக்கொள்ளப் புறப்பட்டேன். சரித்திர வாத்தியார் எதைக் கற்கப் போனாலும் முதலில் அதன் சரித்திரத்தில்தான் போய் விழுவான். விழுந்தேன். அங்கே கிடைத்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சித்தியின் தொல்லை மனிதனுக்குப் புதிதல்ல. நீளமான நூல் ஒன்று உண்டான நாளிலிருந்து, வேண்டிய இடத்துக்கு எப்படிப் போவது என்ற கேள்வியும் இருக்கிறது. நம்மவர்கள் ஓலைச்சுவடியின் ஓரத்தில் தமிழ் எண்களால் ஏட்டு எண் போட்டார்கள். அதைவிட அழகான ஏற்பாடு அந்தாதி. ஒரு பாட்டு முடிகிற சொல்லில் அடுத்த பாட்டு தொடங்கும். கட்டு அவிழ்ந்து ஏடுகள் சிதறினாலும், முடிந்த சொல்லைப் பிடித்துக்கொண்டு அடுத்த ஏட்டைத் தேடி அடுக்கிவிடலாம். மனப்பாடம் செய்கிறவனுக்கும் அதுவே கைப்பிடி. அது ஒரு பாட்டிலிருந்து அடுத்த பாட்டுக்குப் போகும் வழி.

ஐரோப்பாவில் 1230 வாக்கில் பாரிஸ் நகரத்து டொமினிக்கன் மடத்தில் ஹூகோ என்ற துறவியின் மேற்பார்வையில் ஒரு பெரும் வேலை நடந்தது. லத்தீன் விவிலியத்தின் சொற்களை அகர வரிசையில் எழுதி, ஒவ்வொரு சொல்லும் எந்தெந்த இடத்தில் வருகிறது என்று குறித்தார்கள். அப்போது அதிகாரங்களுக்கு எண் இருந்தது, வசனங்களுக்கு எண் இல்லை. அதனால் ஒவ்வோர் அதிகாரத்தையும் மனத்தால் ஏழு பங்காக்கி, ஏழு எழுத்துகளால் இடம் சுட்டினார்கள். புதிய ஏற்பாட்டின் வசனங்களுக்கு இன்று வழங்கும் எண்களை ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் போட்டது 1551-இல். நாம் குறள் 391 என்று சொன்னவுடன் தமிழ் படித்தவர்கள் எல்லோரும் ஒரே இடத்துக்குப் போய்விடுகிறோமே, அதுபோல.

அச்சு வந்த பிறகு பக்க எண் பழக்கமானது. நம் பக்கத்தில், உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த நூல்களை நூலகத்தில் எடுத்துப் பாருங்கள். பின்பகுதியில் பாட்டு முதற்குறிப்பு அகராதி இருக்கும், அரும்பத அகராதி இருக்கும். 1887-இல் சீவகசிந்தாமணியில் தொடங்கி அந்த மனிதர் கரையான் அரித்த ஏடுகளோடு மல்லுக்கட்டியது நமக்குத் தெரியும். அதற்கு மேலும் உட்கார்ந்து, பின்னால் வருகிறவன் தேடி அலையக்கூடாது என்று அகராதி போட்டிருக்கிறார். அந்தப் பக்கங்களை நான் மாணவனாக இருந்தபோது புரட்டாமல் விட்டவன். இப்போது அவற்றைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

இதெல்லாம் காகிதத்தின் காலம். வழி சொல்லும், நடந்து போவது வாசகன்தான்.

தொட்டவுடன் கொண்டுபோய் விடும் வழியைப் பற்றிப் பலரையும் யோசிக்கவைத்த கட்டுரை 1945 ஜூலையில் வந்தது. எழுதியவர் வானிவர் புஷ். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்காவின் போர்க்கால அறிவியல் ஆராய்ச்சி அலுவலகத்துக்குத் தலைவராக இருந்தவர். 'அட்லாண்டிக் மன்த்லி' இதழில் அவர் சொன்ன கருத்தின் சாரம் இதுதான்: ஆராய்ச்சிகள் மலையாகக் குவிகின்றன, வேண்டியதைக் கண்டெடுக்கும் முறையோ பழையபடியே இருக்கிறது. மனித மனம் அகர வரிசையில் நினைப்பதில்லை. ஒன்றைத் தொட்டு இன்னொன்றுக்குத் தாவுகிறது. அதுபோலத் தாவ ஒரு மேசை வேண்டும். அதற்கு மெமெக்ஸ் என்று பெயர் வைத்தார். மைக்ரோபிலிமில் நூல்கள், இரண்டு பக்கங்களைச் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டால், ஒன்றைப் பார்க்கும்போது மற்றொன்றை உடனே வரவழைக்கலாம். மேசை செய்யப்படவேயில்லை. எண்ணம் மட்டும் கிளம்பியது.

அந்த எண்ணம் போய்ச் சேர்ந்த இடத்தைப் பாருங்கள். பிலிப்பைன்ஸ் நாட்டில் லெய்டே தீவு. போர் முடிந்த நேரம். அமெரிக்கக் கடற்படையில் ரேடார் பழுது பார்க்கும் இருபது வயது இளைஞர் ஒருவர், செஞ்சிலுவைச் சங்கம் வைத்திருந்த ஒரு குடிசை நூலகத்தில் புஷ்ஷின் கட்டுரையை வாசிக்கிறார். அவர் பெயர் டக்ளஸ் எங்கெல்பார்ட். இருபத்து மூன்று வருஷம் கழித்து, 1968 டிசம்பர் 9 அன்று, சான் பிரான்சிஸ்கோவில் ஒரு மாநாட்டு மேடையில் ஒன்றரை மணி நேரம் ஒரு செய்முறை காட்டினார். சுட்டியால் திரையில் ஒரு சொல்லைத் தொட, அதற்குரிய வேறு பகுதி திறந்தது. இன்று நம் கையில் இருக்கும் 'மவுஸ்' அன்று அந்த மேடையில்தான் பெருங்கூட்டத்துக்கு முன் அறிமுகமானது. நூலகத்தில் ஒரு பழைய இதழைப் புரட்டுவதால் என்ன வந்துவிடும் என்று என்னிடம் கேட்ட பத்தாம் வகுப்பு 'பி' பிரிவு மகாராஜாக்களே, இதுதான் வரும்.

இடையில் 1965-இல் டெட் நெல்சன் என்பவர் 'ஹைப்பர்டெக்ஸ்ட்' என்ற சொல்லை ஓர் ஆய்வுக்கட்டுரையில் அச்சேற்றினார். அவர் வெறும் சொல் மட்டும் தரவில்லை. ஸானடு என்று தாம் கனவு கண்ட அமைப்பில் ஒரு நிபந்தனை வைத்தார். இணைப்பு இரு பக்கமும் தெரியவேண்டும். நான் உங்களைச் சுட்டினால், யார் தன்னைச் சுட்டுகிறார்கள் என்று உங்கள் பக்கத்துக்கும் தெரியவேண்டும். இந்த இடத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சித்தி வந்து இதையே வேறு மாதிரி கேட்பார்.

1989 மார்ச்சில் ஜெனீவாவுக்குப் பக்கத்தில் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ ஒரு திட்டத்தை எழுதிக் கொடுத்தார். 1991-இல் அது வைய விரிவு வலையாக வெளியுலகுக்கு வந்தது. அவர் இரு பக்க இணைப்பை விட்டுவிட்டார். வலையில் இணைப்பு ஒரு பக்கம்தான் போகும். யாரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் சுட்டலாம். சுட்டப்பட்ட பக்கம் அழிந்துபோனால் இணைப்பு அந்தரத்தில் தொங்கும். அந்த எளிமையால்தான் அது உலகம் முழுதும் பரவியது. பரவியதற்கு இன்னொரு காரணம், 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அந்தத் தொழில்நுட்பத்தை யாரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது.

அதே 1993-இல், ஜூன் மாதம், பி.டி.எஃப். பிறந்தது. அடோபி நிறுவனத்தை 1982-இல் சார்லஸ் கெஷ்கியோடு சேர்ந்து தொடங்கிய ஜான் வார்னாக், 1991-இல் 'கேமலாட்' என்ற பெயரில் ஒரு குறிப்பு எழுதினார். எந்தக் கணினியில் செய்த ஆவணமும் வேறு எந்தக் கணினியிலும் அதே தோற்றத்தில் திறக்கவேண்டும், அச்சாகவேண்டும் என்பது அவர் கேட்டது. எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே வைத்து அனுப்புவது அதற்கான தந்திரங்களில் ஒன்று. ஆரம்பத்தில் வாசிக்கும் மென்பொருளுக்கே 50 டாலர் விலை வைத்தார்கள். வாங்க ஆளில்லை. பிறகு அதை இலவசமாக்கினார்கள், பரவிவிட்டது. 2008-இல் பி.டி.எஃப். ஓர் உலகத் தரநிலையானது, ஐ.எஸ்.ஓ. 32000 என்ற எண்ணில். அதன் பிறகு ஒரு நிறுவனத்தின் சொத்தாக அதை யாரும் பார்க்கவேண்டியதில்லை.

தமிழுக்கு இது பெரிய உதவி. தொண்ணூறுகளில் தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு குறியீட்டில் இருந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். ஒருவர் அனுப்பிய கடிதம் இன்னொருவர் கணினியில் கோழி கிளறினாற்போல வரும். எழுத்துருவைக் கூடவே சுமந்து வரும் பி.டி.எஃப். அந்தச் சண்டையைத் தாண்டிவிட்டது. 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் அவர்கள் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தன்னார்வலர்கள் தட்டெழுதிய தமிழ் நூல்கள் இன்றும் பி.டி.எஃப். வடிவிலும் கிடைக்கின்றன. நான் பணியில் இருந்த கடைசி வருஷங்களில் மேற்கோள் சரிபார்க்க அவைதான் துணை.

சரி, வேலைக்கு வருகிறேன்.

லிபர்ஆபிஸ் என்ற இலவச மென்பொருளில்தான் புத்தகத்தைத் தட்டெழுதியிருந்தேன். இதற்கும் ஒரு வம்சாவளி உண்டு. எண்பதுகளில் மார்கோ போரிஸ் என்ற ஜெர்மானிய இளைஞர் தொடங்கிய நிறுவனத்தின் ஸ்டார்ஆபிஸ். 1999-இல் சன் நிறுவனம் அதை வாங்கியது. அடுத்த வருஷம் மூல நிரலைத் திறந்துவிட ஓப்பன்ஆபிஸ் ஆனது. 2010-இல் அதிலிருந்து பிரிந்த தன்னார்வலர்கள் லிபர்ஆபிஸ் என்று பெயர் வைத்தார்கள். நாம் காசு கொடுக்காமல் பயன்படுத்துவதற்குப் பின்னால் பலருடைய உழைப்பு இருக்கிறது.

வம்சாவளியில் இருந்த ஒவ்வொரு பெயரையும் அதற்குரிய பக்கத்தோடு இணைத்தேன். மூன்று நாள் வேலை. பெயர்கள் நீலமாகி அடிக்கோடு விழுந்தன. கோப்பை அச்சிடு என்று கொடுத்து, அச்சுப்பொறிக்குப் பதிலாகப் பி.டி.எஃப். என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்துச் சித்திக்கு அனுப்பினேன்.

"நீலமா இருக்குய்யா. அமுக்குனா ஒண்ணும் நடக்கல."

எனக்குத் தலை சுற்றியது. 2001-இல் பத்தாம் வகுப்பு முடித்த மாணவி ஒருவர் கோவையில் மென்பொருள் துறையில் இருக்கிறார். அவரைக் கூப்பிட்டேன். முதல் கேள்வியே நோயைக் கண்டுபிடித்துவிட்டது.

"சார், பிரிண்ட் கொடுத்துப் பி.டி.எஃப். ஆக்கினீங்களா, எக்ஸ்போர்ட் பண்ணினீங்களா?"

"ரெண்டுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

"பிரிண்டருக்கு மை மட்டும்தான் சார் தெரியும்."

பிறகு பொறுமையாக விளக்கினார். பி.டி.எஃப். பக்கத்தில் இருக்கும் எழுத்துக்கும் இணைப்புக்கும் சம்பந்தமில்லை. எழுத்து என்பது பக்கத்தில் வைத்த மை. இணைப்பு என்பது அந்த மைக்கு மேல் வைத்த கண்ணாடிச் சதுரம். கண்ணுக்குத் தெரியாது. அதன் நான்கு ஓரங்களும் எங்கே என்று எண்களால் எழுதியிருக்கும். பக்கத்தின் இடது கீழ் மூலையிலிருந்து, ஓர் அங்குலத்துக்கு 72 புள்ளிகள் என்ற அளவில் எண்ணுவார்கள். ஏ4 தாள் ஏறத்தாழ 595 புள்ளி அகலம், 842 புள்ளி உயரம். உங்கள் விரல் அந்தச் சதுரத்துக்குள் விழுந்தால், அதோடு எழுதிவைத்த கட்டளை நடக்கும். இந்தக் கோப்பின் இன்ன பக்கத்துக்குப் போ என்பது ஒரு வகைக் கட்டளை. வெளியே இன்ன இணைய முகவரியைத் திற என்பது இன்னொரு வகை. அச்சிடு என்று கொடுத்தால் மை மட்டும் போகும். கண்ணாடிச் சதுரங்கள் வழியில் உதிர்ந்துவிடும். நீல நிறமும் அடிக்கோடும் மைதான், அதனால் அவை தப்பித்துவிட்டன. ஆரம்பகாலப் பி.டி.எஃப்.-இல் வெளி முகவரிக்குப் போகும் வசதியே இல்லை என்றும், அது பிற்பாடு சேர்ந்தது என்றும் அவர்தான் சொன்னார். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த பெண். அன்று நான் மாணவன்.

உங்களில் பலர் பழைய மாணவர் மலர், குடும்ப மலர், கோயில் திருப்பணி மலர் என்று செய்கிறீர்கள். ஆகவே முறையை எழுதிவிடுகிறேன்.

லிபர்ஆபிஸில் தலைப்பை வெறுமனே பெரிய எழுத்தாக்கினால் போதாது. கன்ட்ரோலும் 1-உம் சேர்த்து அழுத்தி 'ஹெடிங் 1' என்ற பாணியைக் கொடுங்கள். அப்போதுதான் அது தலைப்பு என்று கணினிக்குத் தெரியும். பிறகு 'இன்செர்ட்' பட்டியலில் பொருளடக்கத்தைச் சேர்த்தால், ஒவ்வொரு வரியும் தானாகவே இணைப்பாகிவிடும். தலைப்பு இல்லாத இடத்துக்கு வழி வேண்டுமென்றால், அந்த இடத்தில் கர்சரை வைத்து 'இன்செர்ட்' பட்டியலில் 'புக்மார்க்' போட்டு ஒரு பெயர் கொடுங்கள். வழி தொடங்கும் சொல்லைத் தேர்ந்தெடுத்துக் கன்ட்ரோலும் கே-யும் அழுத்துங்கள். 'டாக்குமென்ட்' என்ற பிரிவில் அந்தப் புக்மார்க்கைக் காட்டுங்கள். வெளி முகவரி என்றால் 'இன்டர்நெட்' பிரிவு. கடைசியில் 'ஃபைல்', 'எக்ஸ்போர்ட் ஆஸ்', 'எக்ஸ்போர்ட் ஆஸ் பி.டி.எஃப்.' என்று போங்கள். கூகுள் டாக்ஸிலும் இணைப்புக்கு அதே கன்ட்ரோல் கே தான். முடிந்ததும் 'ஃபைல்', 'டவுன்லோட்' வழியாகப் பி.டி.எஃப். எடுங்கள். பக்க வடிவமைப்பு தெரிந்தவர்களுக்கு ஸ்கிரிபஸ் என்ற இலவச மென்பொருளில், விரும்பிய இடத்தில் அந்தக் கண்ணாடிச் சதுரத்தைக் கையாலேயே வரையலாம்.

முடிந்துபோன பி.டி.எஃப்.-ஐத் திறந்து திருத்தப் பார்க்காதீர்கள். நான் பார்த்தேன். கொம்பும் காலும் புள்ளியும் இடம் மாறி ஊர்வலம் போயின. மூலக் கோப்புக்கே திரும்பிப் போய்ச் செய்வது நல்லது. பெரியவர்களுக்கு அனுப்புவதாக இருந்தால் ஒரு சொல்லை மட்டும் இணைக்காமல் வரி முழுவதையும் இணையுங்கள். அவர்கள் விரலுக்கு இடம் வேண்டும். அனுப்புமுன் உங்கள் செல்போனிலேயே ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள்.

அந்தக் கடைசி வரியை எழுதும்போது கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது. ஏனென்றால் நானும் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தேன். எல்லாம் சரியான பக்கத்தில்தான் திறந்தன. சித்திக்கு அனுப்பினேன். அன்று மாலையே போன் வந்தது.

"தொறந்துட்டுய்யா. தொட்ட ஒடனே வந்துட்டு."

சந்தோஷப்படப் போனேன். சித்தி பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார்.

"அது நான் இல்லய்யா."

கடிதம் தாத்தா தன் தம்பிக்கு எழுதியது. கொழும்பில் கடையில் வேலை. பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா, வைத்தியரிடம் காட்டினீர்களா, அடுத்த மாதம் வரும் ஆளிடம் சட்டைத்துணி கொடுத்தனுப்புகிறேன் என்று விசாரித்திருக்கிறார். பிள்ளையின் பெயர் சித்தியின் பெயர். எழுத்துக்கு எழுத்து அதே பெயர். நான் அதைப் பார்த்தவுடன் சித்தியின் பெயரோடு முடிச்சுப் போட்டுவிட்டேன்.

"எனக்கு முந்தி ஒருத்தி பொறந்தா. ரெண்டு வயசு முடியல, போயிட்டா. அவ பேரத்தான் எனக்கு வச்சாவ. அம்மை சொல்லிச் சொல்லி அழுவா. அவளுக்கு ஒரு போட்டா கெடயாது, சாதகம் கெடயாது. அவ இருந்தாங்கதுக்கு இந்தக் காயிதம் ஒண்ணுதான்யா சாட்சி. அதயும் எம்பேருல எழுதிட்டியே."

போனை வைத்த பிறகு கடிதத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தலைப்பில் தாது வருஷம் ஆடி மாதம் என்று தாத்தாவின் கையெழுத்து பளிச்சென்று இருக்கிறது. சித்தி பிறந்தது பிரமாதி வருஷம், அதாவது 1939. தாது அதற்கு மூன்று வருஷம் முந்தியது, 1936. பிறக்காத குழந்தைக்கு எப்படிக் காய்ச்சல் வரும்? 1876-இல் வந்த தாது வருஷப் பஞ்சத்தை முப்பத்துச் சொச்சம் வருஷம் கரும்பலகையில் எழுதியவன் நான். அதோடு அறுபதைக் கூட்டத் தெரியாதவன் அல்ல. பெயர் பொருந்தியது, தேதியைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. உங்கள் விடைத்தாளில் இப்படி ஒரு தவறு இருந்திருந்தால் சிவப்பு மையால் என்னவெல்லாம் எழுதியிருப்பேன்!

அன்றிரவு நெல்சனின் நிபந்தனை ஞாபகம் வந்தது. நாம் இன்று போடும் இணைப்பு ஒரு பக்கம் மட்டும் பேசுவது. சுட்டுகிறவன் சொல்வதே முடிவு. தன்னை யார் சுட்டுகிறார்கள், சரியாகத்தான் சுட்டுகிறார்களா என்று 143-ஆம் பக்கத்துக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தில் இருந்த குழந்தைக்குப் பேச வாயும் இல்லை. 86 வயதில் ஒரு தங்கை இருந்ததால் அவளுக்காக ஒரு குரல் வந்தது. சித்தியும் வாசிக்காமல் விட்டிருந்தால், நாற்பது கும்பிட்ட கைகளோடு அந்தப் பிள்ளை நம் குடும்பத்திலிருந்து இரண்டாம் முறையும் போயிருப்பாள். சரியான பக்கத்தில் திறக்கிறதா என்று கணினி பார்த்துச் சொல்லும். சரியான ஆளிடம் போகிறதா என்று அது சொல்லாது. அது என் வேலை. நான் செய்யவில்லை.

இப்போது திருத்திவிட்டேன். வம்சாவளியில் அம்மாவுக்கும் சித்திக்கும் நடுவில் புதிதாக ஓர் இடம் போட்டிருக்கிறேன். அதே பெயர். அடைப்புக்குறிக்குள் 'மூத்தவள்' என்று எழுதியிருக்கிறேன். பிறந்த தேதி தெரியாது. தாது வருஷம் ஆடியில் உயிரோடு இருந்தாள் என்பது மட்டும் தெரியும், அதை எழுதியிருக்கிறேன். அவள் பெயரைத் தொட்டால் 143-ஆம் பக்கம் திறக்கும். 143-ஆம் பக்கத்தின் அடியிலும் ஒரு வரி சேர்த்தேன். அதைத் தொட்டால் வம்சாவளியில் அவள் இடத்துக்குத் திரும்பி வரலாம். கருவி இரு பக்க வழி தராவிட்டால் என்ன, கையால் இரண்டு வழி போடலாம் அல்லவா?

சித்திக்குப் புதிய கோப்பை அனுப்பினேன். தொட்டுப் பார்த்துவிட்டு, "போயிட்டு வந்துட்டேன்யா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

உறவினர்களே, பழைய கோப்பை அழித்துவிட்டுக் குழுவில் இன்று போட்டிருக்கும் புதியதை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் உங்கள் பெயரைத் தொட்டுப் பாருங்கள். அங்கே இருப்பது நீங்கள்தானா என்று பார்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் தயங்காமல் எழுதுங்கள், திருத்துகிறேன். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் காட்டிவிட்டுச் சொன்னால் இன்னும் நல்லது.

மாணவர்களே, நீங்கள் வெள்ளிவிழாச் சந்திப்புக்கு மலர் போடுவதாகக் கேள்விப்பட்டேன். நம் பள்ளியில் ஒரே வருஷத்தில் ஒரே முதலெழுத்தோடு ஒரே பெயரில் மூன்று பேர் படித்ததை மறந்துவிடாதீர்கள். மூவரில் ஒருவன் இப்போது இல்லை. அவன் பெயரைத் தொட்டால் அவன் படம்தான் வரவேண்டும்.

மணி அடித்து நேரமாகிவிட்டது. போய் வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் சரித்திர வாத்தியார்